வந்ததா, வந்திருக்கிறதா: ஆங்கிலத்தின் இரண்டு இறந்தகாலங்களும் தமிழரின் தடுமாற்றமும்

"போடிக்கு 1928-லேயே ரயில் வந்திருக்கிறது." போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் எந்தத் திண்ணையில் இதைச் சொன்னாலும் யார் காதிலும் உறுத்தாது. மதுரையிலிருந்து வந்த அந்த மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப்பாதையாக மாறி 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 அன்று போடி வரைக்கும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் வாக்கியத்தை ஒரு மாணவி ஆங்கிலத்தில் "த ட்ரெய்ன் ஹேஸ் கம் டு போடி இன் 1928" என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். 'கேம்' என்றுதான் வரவேண்டும். ஆனால் 2023 ஜூனில், ரயில் வந்து நின்ற அன்று, நடைமேடையில் நின்றபடி "த ட்ரெய்ன் ஹேஸ் கம் பேக்" என்று சொன்னால் அதே 'ஹேஸ் கம்' முழுக்கச் சரி.

சிம்பிள் பாஸ்ட் எப்போது, பிரசென்ட் பெர்ஃபெக்ட் எப்போது என்ற இந்தக் கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்குள் நின்று சொல்லப்பட்டவை. தமிழ்க் காதோடு கேட்டால் அவற்றில் எவை நிற்கும், எவை சாயும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

உடைமையில் பிறந்த வினை

'ஹேவ்' முதலில் உடைமைச் சொல். எழுதி முடித்த நிலையில் ஒரு கடிதம் என்னிடம் உள்ளது என்பதைச் சொல்லப் பிறந்த தொடர், நாளடைவில் 'எழுதியிருக்கிறேன்' என்ற பொருளுக்கு நகர்ந்தது. வருதல், போதல் போன்ற வினைகளுக்கு மட்டும் நெடுங்காலம் வேறு துணைவினை இருந்தது. 'ஹி ஹேஸ் கம்' என்னும் இடத்தில் 'ஹி இஸ் கம்' என்றார்கள். அந்த வழக்கு மெல்லத் தேய்ந்து, எல்லா வினைகளையும் 'ஹேவ்' எடுத்துக்கொண்டது.

தமிழின் 'வந்திருக்கிறேன்' உடைமையிலிருந்து பிறக்கவில்லை. வந்து, இங்கே இருக்கிறேன்: இருப்பிலிருந்து பிறந்தது அது. வழக்கொழிந்த 'ஹி இஸ் கம்' தான் நம் அமைப்புக்கு அண்டை வீடு. 'ஹேவ்' என்பதற்கு நேராக 'இரு' என்று கரும்பலகையில் எழுதும்போது, வெவ்வேறு வேர்களிலிருந்து வளர்ந்த இரண்டு மரங்களை ஒன்றென்று காட்டுகிறோம். பின்னால் வரும் குழப்பங்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு இரவு, ஒரு நூற்றாண்டு, ஒரு சிசரோ

ஐரோப்பிய இலக்கணக்காரர்கள் முதலில் தேடியது ஓர் எல்லைக்கோட்டை. 1660-இல் பிரான்சில் வெளிவந்த போர்-ராயல் இலக்கணம் பிரெஞ்சு மொழிக்கு ஒருநாள் கணக்கு வைத்தது. நிகழ்ச்சிக்கும் பேச்சுக்கும் இடையே ஒரு நாளாவது கடந்திருந்தால்தான் தனி இறந்தகாலம். இன்று நடந்ததற்குக் கூட்டு வடிவம். ஆங்கிலத்துக்கு லிண்ட்லி மரே 1795-இல் எழுதிய இலக்கணம் இந்தக் கோட்டை நெகிழ வைத்தது. ஒரு நாளோ, ஆண்டோ, நூற்றாண்டோ, நாம் இன்னும் அதற்குள் இருக்கிறோமா என்பதே அவர் கேட்ட கேள்வி. இந்த நூற்றாண்டில் நடந்த கண்டுபிடிப்புக்கு 'ஹேவ்'. போன நூற்றாண்டின் கண்டுபிடிப்புக்கு இறந்தகாலம்.

அதே மரே இன்னொரு விதியும் சொன்னார், அதுதான் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டியது. ரோமானிய நாவலர் சிசரோவின் சொற்பொழிவுகள் இன்றும் கிடைக்கின்றன. ஆகவே அவர் அவற்றை எழுதியிருக்கிறார் என்று 'ஹேவ்' போட்டுச் சொல்லலாம். அவருடைய கவிதைகள் அழிந்துபோயின. ஆகவே அவற்றுக்கு 'ஹேவ்' ஆகாது. செய்தவர் இறந்தாலும், செய்த பொருள் நம் முன் இருந்தால் போதும் என்பது இதன் உட்கிடை.

இதைத் தமிழில் உரசிப் பார்ப்போம். நாதகுத்தனாரின் குண்டலகேசியில் பெரும்பகுதி அழிந்துபோனது, சில பாடல்களே எஞ்சின. ஆனாலும் "நாதகுத்தனார் குண்டலகேசி என்றொரு காப்பியம் எழுதியிருக்கிறார்" என்பதில் தமிழுக்கு ஒரு சங்கடமும் இல்லை. நூல் நம் கையில் இருக்கத் தேவையில்லை. எழுதினார் என்பதற்குச் சான்று இருந்தால் போதும். மரே பொருளைக் கேட்டார், தமிழ் சான்றைக் கேட்கிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 1928-இல் வந்த ரயிலின் விளக்கமும் இதிலேயே இருக்கிறது.

மூன்று புள்ளிகளும் நான்கு பொருள்களும்

இருபதாம் நூற்றாண்டில் விவாதம் இலக்கணக்காரர்களிடமிருந்து தருக்கவியலாரிடம் போனது. ஹான்ஸ் ரைஷன்பாக் 1947-இல் மூன்று புள்ளிகளை வைத்தார்: பேசும் நேரம், நிகழ்ந்த நேரம், எங்கிருந்து பார்க்கிறோமோ அந்த நோக்கு நேரம். சிம்பிள் பாஸ்டில் நோக்கு நேரம் நிகழ்ச்சியோடு போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரசென்ட் பெர்ஃபெக்டில் நிகழ்ச்சி பின்னால் இருக்க, நோக்கு நேரம் பேசுபவரோடு இங்கேயே நிற்கிறது. போடிக்கு மேலுள்ள போடிமெட்டு மலையில் நின்று ஊரைப் பார்ப்பதற்கும் ஊருக்குள் இறங்கி நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

அழகான திட்டம்தான். ஆனால் ஒரு முக்கியமான கேள்விக்கு இதில் விடை இல்லை. நிகழ்ச்சி ஒருபக்கம் தனியாக நிற்கிறது என்றால், அதன்மேல் 'நேற்று' என்ற நாள்சீட்டை ஒட்டுவதில் என்ன தடை? 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' ஏன் தவறு? மொழியியலாளர் வுல்ஃப்கங் க்ளைன் 1992-இல் இதைப் 'பிரசென்ட் பெர்ஃபெக்ட் புதிர்' என்றே பெயரிட்டு எழுதினார். நிகழ்ச்சி நேரம், பேசப்படும் நேரம் இரண்டுமே ஒரே வாக்கியத்தில் திட்டமாகக் குறிக்கப்படக் கூடாது என்பது அவர் தந்த விடை. ஆங்கிலத்துக்கு அது ஓரளவு பொருந்துகிறது. ஆனால் ஜெர்மன்காரர் 'ஹேவ்' வகை வினையோடு 'நேற்று' என்பதை நாள்தோறும் தடையின்றிச் சேர்க்கிறார். ஆகவே இது காலத்தின் இயல்பிலேயே உள்ள தடை என்று கொள்வது கடினம். ஆங்கிலம் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு என்று கொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு பள்ளி புள்ளிகளை விட்டுவிட்டுப் பொருள்களை எண்ணியது. ஜேம்ஸ் மெக்காலே 1971-இலும், பெர்னார்ட் காம்ரி 1976-இலும் ஏறத்தாழ ஒரே நான்கைப் பட்டியலிட்டார்கள்: விளைவு நிற்பது, அனுபவம், தொடர்ந்து வருவது, சூடான செய்தி. பாடநூல்கள் இன்றுவரை சொல்லும் நான்கு பயன்பாடுகளும் கிட்டத்தட்ட இவைதாம். இந்தப் பட்டியலின் குறை, நான்குக்கும் பொதுவானது எது என்று அது சொல்லாதது. 1978-இல் அதுவரை வந்த கொள்கைகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி ஆராய்ந்த ராபர்ட் மக்கார்டு, 'நிகழ்காலத் தொடர்பு' என்ற பழைய விளக்கத்தை ஏற்கவில்லை. எந்த நிகழ்ச்சிக்குத்தான் நிகழ்காலத் தொடர்பைக் கற்பிக்க முடியாது? 'இப்போது' என்பதையே பின்னோக்கி நீட்டிக்கொள்கிறோம், நிகழ்ச்சி அந்த நீட்சிக்குள் விழுந்தால் 'ஹேவ்' என்பது அவர் சாய்ந்த முடிவு. மரேயின் 'நாம் இன்னும் உள்ளே இருக்கிறோமா' என்ற கேள்வி, நூற்றெண்பது ஆண்டுகள் கழித்துப் புது உடுப்பில் திரும்பி வந்ததாகவே இதைப் படிக்கலாம்.

இந்தக் கொள்கைகள் எல்லாம் மோதிப்பார்த்த புகழ்பெற்ற வாக்கியம், ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனுக்கு வந்திருக்கிறார் என்பது. இறந்தவரை எழுவாயாக்கி 'ஹேவ்' போட்டால் ஆங்கிலக் காதுக்கு உறுத்துகிறது. ஆனால் பிரின்ஸ்டனை எழுவாயாக்கி, அது ஐன்ஸ்டைனின் வருகையைப் பெற்றிருக்கிறது என்றால் உறுத்தல் போய்விடுகிறது. பிரின்ஸ்டன் இன்னும் இருக்கிறதே. தமிழில் இந்தச் சிக்கலே எழாது. "காந்தி மதுரைக்குப் பலமுறை வந்திருக்கிறார், 1921-இல் அங்கேதான் அரையாடைக்கு மாறினார்" என்று எந்தப் பள்ளிப்பிள்ளையும் எழுதும். வந்தவர் மறைந்துவிட்டது தமிழின் 'இருக்கிறார்' என்பதைத் தொடுவதே இல்லை.

முக்காலமும் முனிவர்களும்

தமிழ் மரபிலக்கணம் இந்த விவாதத்தை இப்படிப் பார்க்கவில்லை. தொல்காப்பியமும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலும் காலத்தை மூன்றாகக் கொண்டன. அவற்றின் ஆழமான அக்கறை வேறிடத்தில் இருந்தது: காலங்கள் இடம் மாறுவதை அவை கவனித்தன. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு காரணமாக ஒரு காலம் மற்றொன்றாக வரலாம் என்று நன்னூலார் பவணந்தி வகுத்தார். தெருமுனையில் இருந்துகொண்டே போனில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்பவர் நன்னூலின் விரைவு விதிக்கு நேரான சான்று. இறந்தகால உருபு வந்துவிட்டதாலேயே நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை அதில் உள்ளது.

'வந்திருக்கிறேன்' என்பதற்குத் தனிக் கால அடையாளம் தந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். லத்தீன் இலக்கணத்தின் பெட்டிகளோடு தமிழைக் கற்ற மிஷனரிகளுக்கு, 'பெர்ஃபெக்ட்' என்று பெயரெழுதிய பெட்டி ஒன்று காலியாக இருந்தது. 1891-இல் வெளிவந்த ஆர்டனின் இலக்கணம் உட்படப் பல நூல்கள், வினையெச்சத்தோடு 'இரு' சேர்ந்த வடிவத்தை அந்தப் பெட்டியில் வைத்தன. வெள்ளைக்காரர் தமிழ் கற்கச் செய்த அந்தச் சமன்பாடு, நாம் ஆங்கிலம் கற்கும்போது தலைகீழாகத் திரும்பி வந்தது.

சமன்பாட்டை அசைத்தவர்கள் பின்வந்த மொழியியலார். 'இரு' கால உருபு அல்ல, துணைவினை. அதைப் போலவே 'விடு', 'கொள்', 'ஆயிற்று' ஆகியனவும் தத்தமது நிழலைப் பொருளின்மேல் வீழ்த்துகின்றன என்று இ. அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட ஆய்வு உள்ளிட்டவை விரித்துக் காட்டின. பேச்சுத் தமிழுக்கு 1999-இல் இலக்கணம் எழுதிய ஹெரால்ட் ஷிஃப்மன், 'இரு' அனுமானத்தைக் காட்டுவதையும் எடுத்துக்காட்டினார். ஆங்கில வகுப்பறைக்குள் இந்த நுட்பம் நுழைந்ததாகத் தெரியவில்லை.

ஏலமலைச் சரிவில் ஒரு காலைப் பேச்சு

நுட்பம் எங்கே இருக்கிறது என்பதை ராசிங்காபுரம் பக்கத்து நடைப்பேச்சை வைத்தே பார்த்துவிடலாம். விடியலில் வாசல் தெளிக்க வந்தவர் மண் ஈரமாகக் கிடப்பதைப் பார்க்கிறார். "ராத்திரி மழ பேஞ்சிருக்கு." இரவெல்லாம் விழித்திருந்து கூரையில் சத்தம் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார். "ராத்திரி மழ பேஞ்சுச்சு" என்பார். இரண்டுக்கும் நேரம் ஒன்று, மழை ஒன்று. வேறுபடுவது சொல்பவருக்கு அது தெரிந்த வழி. ஈரத்தைக் கண்டு அறிந்தவருக்கு 'இரு'. நேரில் அறிந்தவருக்கு வெறும் இறந்தகாலம். ஆங்கிலமோ 'லாஸ்ட் நைட்' என்று நேரம் வந்துவிட்டபின் இருவர் வாயிலும் 'ரெய்ன்ட்' என்றே வைக்கிறது. அனுமானத்தைச் சொல்ல 'மஸ்ட் ஹேவ்' என்று வேறு கருவியைத் தேடுகிறது. 1928-இல் 'வந்திருக்கிற' ரயிலும் இந்த ஈர மண்ணைப் போலத்தான்: சொல்பவர் அதைக் கண்ணால் காணவில்லை, பதிவைப் படித்து அறிந்திருக்கிறார்.

அதே காலையில் மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் வருகிறது. "ஜீப்பு வந்திருச்சு" (வந்துவிட்டது) என்றால் காத்திருந்தது நடந்துவிட்டது, கிளம்பு என்று பொருள். "ஜீப்பு வந்திருக்கு" என்றால் அதோ நிற்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் இரண்டும் 'ஹேஸ் கம்' தான். ஆக 'ஹேவ்' என்பதன் முதல் பங்கு 'இரு'வுக்குப் போகவில்லை, 'விடு'வுக்குப் போகிறது. பாடநூலின் 'விளைவு' என்ற தலைப்பின் கீழ் தமிழ் மாணவர் தேட வேண்டியது பெரும்பாலும் 'வந்துவிட்டது, முடித்துவிட்டேன், தொலைத்துவிட்டேன்' என்ற வரிசையை.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறோம். அது வெறும் இறந்தகாலம். பிரிட்டிஷ் ஆங்கிலம் அதே இடத்தில் 'ஹேவ் யூ ஈட்டன்' என்கிறது. அமெரிக்கப் பேச்சில் 'டிட் யூ ஈட் யெட்' என்பதும் சாதாரணம். இந்த இடத்தில் தமிழும் அமெரிக்காவும் ஒரே பக்கம்.

"பத்து வருசமா ஏலக்காட்டு வேலைக்குப் போறேன்." இது நிகழ்காலம். தொடர்ந்து வரும் செயலுக்குத் தமிழ் இறந்தகாலத்தின் பக்கமே போவதில்லை. ஆங்கிலம் இங்கே 'ஹேவ்' கேட்கிறது. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்ற வாக்கியம் பிறப்பது கவனக்குறைவால் அல்ல, தமிழின் ஒழுங்கான தருக்கத்தால்.

அனுபவத்தைச் சொல்லத் தமிழுக்குத் தனி வடிவமே உண்டு. "மூணாறு பாத்ததில்ல" என்றால் வாழ்நாளில் ஒருமுறைகூட இல்லை. "மூணாறு பாக்கல" என்றால் அந்தப் பயணத்தில் பார்க்கவில்லை, அல்லது இன்னும் பார்க்கவில்லை. 'பார்த்ததுண்டா?' என்ற கேள்வியும் இதன் இணை. ஆங்கிலத்தின் 'எவர்', 'நெவர்' இரண்டையும் இந்தக் கதவு வழியே அறிமுகப்படுத்தினால் மாணவருக்குப் பாதை எளிது. பாடநூல்கள் இதைப் பயன்படுத்தாதது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

"நேத்து போடி போயிருந்தேன்." போய்விட்டுத் திரும்பியாயிற்று என்பது இதன் உட்பொருள். அதையே 'ஐ ஹேட் கான் டு போடி எஸ்டர்டே' என்று பெயர்த்தால் ஆங்கிலக் காது, 'அதற்குப்பின் என்ன நடந்தது?' என்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கும். அங்கே தேவை வெறும் 'வென்ட்'.

அனுபவம் தவிர்த்த எதிர்மறையில்தான் தமிழ் கையை விரித்துவிடுகிறது. "நேத்து பஸ் வரல", "இன்னும் பஸ் வரல": இரண்டுக்கும் ஒரே 'வரல'. ஆங்கிலம் முதலாவதை 'டிட் நாட் கம்' என்றும் இரண்டாவதை 'ஹேஸ் நாட் கம்' என்றும் பிரிக்கிறது. அந்த வேறுபாட்டைத் தமிழில் சுமப்பது 'நேத்து', 'இன்னும்' என்ற சிறு சொற்களே.

ஆக, தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்பது தவறு. 'வந்திருக்கிறேன்' தான் அது என்பதும் தவறு. ஆங்கிலம் ஒரு துணிக்குள் பொதிந்து வைத்ததைத் தமிழ் 'விடு', 'இரு', 'உண்டு', நிகழ்காலம், வெறும் இறந்தகாலம் என்று ஐந்து முடிச்சுகளில் வைத்திருக்கிறது.

பள்ளிக்கூடம் தந்த விடைகள்

இந்தியப் பள்ளிகளில் இந்தக் கேள்விக்கு மிக நீண்டகாலம் விடை சொன்ன நூல், 1930-களில் தோன்றி இன்றும் விற்பனையாகும் ரென் அண்ட் மார்ட்டின். அது பயன்பாடுகளை வகுத்து, 'எஸ்டர்டே' போன்ற சொற்களோடு பிரசென்ட் பெர்ஃபெக்ட் வராது என்று எச்சரிக்கிறது. விதி தெளிவானது. ஆனால் அது வாக்கியத்தில் நேரச்சொல் இருந்தால் மட்டுமே உதவும். நேரச்சொல் இல்லாத வாக்கியத்தில் மாணவர் தன் தாய்மொழியிடம் போய்க் கேட்கிறார். தாய்மொழியோ வேறு கணக்கில் விடை தருகிறது.

1950-களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து பரப்பப்பட்ட அமைப்புவழிக் கற்பித்தல், விதியை விட்டுப் பயிற்சியைப் பிடித்தது. ஆசிரியர் சன்னலைத் திறந்தபடி ஒரு வாக்கியம், திறந்தபின் ஒரு வாக்கியம். கண்முன் நடப்பதால் 'விளைவு' என்ற பொருள் தெளிவாகும். ஆனால் வகுப்பறையில் செய்து காட்டமுடியாத அனுபவமும் தொடர்ச்சியும் அந்த முறையில் வெளியே நின்றன.

இரண்டுக்கும் மாற்றாக, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய முயற்சி இலக்கணத்தைக் கற்பிப்பதையே கைவிட்டது. மாணவர் ரயில் அட்டவணையோ வரைபடமோ வைத்து ஒரு கணக்கைத் தீர்க்கட்டும், பொருளில் மனம் பதிந்திருக்கும்போது வடிவம் தானே உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. உலகெங்கும் பேசப்பட்ட முயற்சி இது. ஆனால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் போன்ற, தவறினாலும் பொருள் புரிந்துவிடும் வடிவங்களில் இந்த முறைக்கு எல்லை உண்டு என்று ஐயப்படக் காரணம் இருக்கிறது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்றாலும் கேட்பவருக்கு எல்லாம் புரிகிறது. புரிந்துவிடுவதால் திருத்தும் தேவை எழுவதில்லை.

பிழையா, வழக்கா?

இங்கே கேள்வி வேறு திசைக்குத் திரும்புகிறது. இந்தியர் பலர் 'எஸ்டர்டே'யோடு 'ஹேவ்' சேர்க்கிறார்கள் என்றால் அது கற்றல் பிழையா, ஒரு புதிய ஆங்கிலத்தின் வழக்கா? இந்திய ஆங்கிலத்துக்குத் தனி இயல்பு உண்டு என்று மொழியியலாளர் பிரஜ் கச்ரு வாதிட்டார். பள்ளியில் கற்பிக்கத் தரமான ஒரே அளவுகோல் வேண்டும் என்று ராண்டல்ஃப் குவெர்க் 1990-இல் எழுத, அதற்குக் கச்ரு அடுத்த ஆண்டு மறுப்பு எழுதினார். குவெர்க் பக்கத்து வலு, போட்டித் தேர்வும் வேலைவாய்ப்பும் அந்த அளவுகோலாலேயே மாணவரை அளக்கின்றன என்பது. கச்ரு பக்கத்து வலு, வழக்கு வாழ்வது பேசுபவர் வாயில் என்பது. ஒரு மலையடிவார ஊரின் மாணவிக்கு முதல் வாதம் உடனடியானது, இரண்டாவது நியாயமானது. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தத் தேவையில்லை.

இதைத் தாய்மொழியின் தாக்கம் என்று மட்டும் முடித்துவிடவும் இயலாது. யூலியா டவிடோவா 2011-இல் வெளியிட்ட நூல், இந்திய ஆங்கிலத்தோடு சிங்கப்பூர், கிழக்கு ஆப்பிரிக்க ஆங்கிலங்களையும் வைத்து இந்த வடிவத்தை ஆராய்ந்தது. தாய்மொழி வெவ்வேறாக இருந்தும் தடுமாற்றம் பல நாடுகளில் இருக்கிறது என்பதே யோசிக்க வைப்பது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் கோட்டைத் தாண்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்ததை விறுவிறுப்பாகச் சொல்லும்போது பிரசென்ட் பெர்ஃபெக்ட் வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் கால்பந்து வீரர்கள் முடிந்த ஆட்டத்தை அதே வடிவத்தில் விவரிப்பதை ஜிம் வாக்கர் 2008-இல் எழுதினார். பிரெஞ்சுப் பேச்சில் கூட்டு வடிவம் பழைய இறந்தகாலத்தை ஏறக்குறைய விழுங்கியே விட்டது. போர்-ராயலின் ஒருநாள் கணக்கு இன்று அங்கே வழக்கில் இல்லை. ஆங்கிலமும் அதே சரிவில் இறங்குகிறதா என்றால், அமெரிக்க வழக்கு எதிர்த்திசையில் சிம்பிள் பாஸ்டையே வலுப்படுத்துவதால் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

எஞ்சி நிற்பவை

இதுவரை வந்த விடைகளில் மரேயும் மக்கார்டும் பிடித்த நூல், அதாவது பேசுபவர் எடுத்துக்கொண்ட காலவெளி இன்னும் திறந்திருக்கிறதா என்பது, மற்றவற்றைவிட நெடுந்தூரம் தாங்குகிறது. அதற்குப் பக்கத்தில் தமிழுக்குரிய எச்சரிக்கை ஒன்றை வைக்கலாம். நம் 'இருக்கிறது' கேட்பது காலம் திறந்திருக்கிறதா என்பதை அல்ல, சான்று இருக்கிறதா என்பதை. காலமும் திறந்து சான்றும் இருக்கும் இடத்தில் இரு மொழிகளும் கைகோக்கின்றன. அதனால்தான் பழைய சமன்பாடு பல நேரம் சரியாகத் தோன்றி நம்மை ஏமாற்றியது. காலம் மூடி, சான்று மட்டும் நிற்கும் இடத்தில், 1928-லும் ஈர மண்ணிலும், இரண்டும் பிரிகின்றன.

'நேத்து'வோடு 'ஹேவ்' வருவதற்குக் காரணம் இந்தச் சான்றுப் பொருள்தானா, அல்லது 'ஹேவ்' கூடுதல் மரியாதையும் முழுமையும் தருவதாக எழுதுபவர் உணர்வதா என்பது முடிவாகாத கேள்வி. அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தானே கண்டதையும் தடயம் பார்த்து அறிந்ததையும் ஒரே மாணவரிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், இரண்டாவதில் மட்டும் 'ஹேவ்' மிகுகிறதா என்று தெரியும். எதிர்மறை வாக்கியங்களைத் தனியாக எண்ணவும் வேண்டும். அங்கே தாய்மொழி எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. 'பஸ் வரல' என்பதை மாணவர் 'டிட் நாட்' என்றோ 'ஹேஸ் நாட்' என்றோ எழுதுவது வகுப்பில் கற்றதைக் கொண்டு மட்டுமே.